மூன்றரை ஆம்பியர்

ஒரு கல்யாண வீட்டுக்கு விளக்குப் போட ஒப்புக்கொண்டால் துமினி முதலில் செய்கிற வேலை ஒயர் இழுப்பதல்ல. அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போய் இஸ்திரிப் பெட்டிகளை வாங்கிக்கொண்டு வருவது. இடுப்பில் ஒரு மூங்கில் கூடை. வாசலில் நின்று, "பெட்டியக் குடுங்க" என்பாள். எந்தப் பெட்டி என்று யாரும் கேட்பதில்லை. கல்யாணம் முடிந்த மறுநாள் காலையில் அவளே கொண்டுவந்து கொடுத்துவிடுவாள்.

ஜாவாத் தீவில் கிளாத்தென் நகருக்குத் தெற்கே இருக்கும் அந்தச் சிற்றூரில் எந்த வீட்டுக்கும் நாலு ஆம்பியருக்கு மேல் கிடையாது. பல வீடுகளுக்கு இரண்டுதான். அதற்கு மேல் இழுத்தால் மீட்டருக்குக் கீழே இருக்கும் பிரேக்கர் டக்கென்று விழுந்து வீடு இருண்டுவிடும். குழந்தைகள் நடக்கப் பழகும் வயதிலேயே அந்தச் சத்தத்தை அறிந்துவிடுகின்றன. சோற்றுக் குக்கர் ஓடும்போது துணி தேய்க்கக் கூடாது, துணி தேய்க்கும்போது தண்ணீர் மோட்டார் போடக் கூடாது என்பது பெரியவர்களுக்கு மரியாதை கொடுப்பதைப் போல எல்லோரும் கற்றுக்கொள்கிற பாடம். ஆகவே ஒரு வீட்டில் விசேஷம் என்றால் சுற்றியிருக்கும் வீடுகள் ஆளுக்கொரு லைன் கொடுக்கும். ஒரு வீட்டு மின்சாரம் மேடை விளக்குக்கு, இன்னொன்று பாட்டுக்கு, இன்னொன்று சமையலுக்கு. கொடுத்தவர்கள் அன்று தங்கள் வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு விசேஷ வீட்டிலேயே உட்கார்ந்திருப்பார்கள். எந்த வீடு எதைத் தாங்கும் என்று கணக்குப் போட்டுப் பிரிப்பது துமினியின் தொழில். பந்தல் விளக்குகளும் ஒயர்ச் சுருள்களும் அவளுடையவை.

ஆட்கள் வாட்டைத்தான் நம்புவார்கள். பக்கத்து வீட்டு பாக் டார்மின், அதாவது டார்மின் ஐயா, ஒருமுறை மோட்டார் வந்த அட்டைப்பெட்டியையே தூக்கிக்கொண்டு வந்து சண்டை போட்டார்.

"பாரு, நூத்தி இருபத்தஞ்சு வாட்டுன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கான். இது ஓடுறதுல உனக்கு என்ன கஷ்டம்?"

துமினி தன் கவ்வி மீட்டரை மோட்டார் ஒயரில் மாட்டினாள். நண்டின் கொடுக்கு மாதிரி வாய் திறந்து ஒயரைக் கவ்விக்கொள்ளும் கருவி அது. ஒயரை வெட்டாமலே எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று சொல்லிவிடும்.

"ஒன்றரை ஆம்பியர் இழுக்குது பாக். இருநூத்தி இருபது வோல்ட்டு. பெருக்கிப் பாருங்க. முன்னூத்தி முப்பது."

"அப்ப பெட்டியில போட்டிருக்கிறது பொய்யா?"

"பெட்டி தண்ணி எடுக்கலையே, மோட்டார்தானே எடுக்குது. பிரேக்கருக்குப் படிக்கத் தெரியாது பாக். அதுக்கு எண்ண மட்டுந்தான் தெரியும்."

பாக் டார்மின் அட்டைப்பெட்டியை மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். போகிற போக்கில் மோட்டாரை அணைத்துவிட்டுத்தான் போனார்.

துமினியின் முதல் கல்யாணம் அவளுடைய இருபத்திரண்டாம் வயதில் நடந்தது. மாப்பிள்ளை பந்தலுக்குள் வந்து, வலது காலைத் தூக்கி, தரையில் வைத்த கோழிமுட்டையை மிதிக்க வேண்டிய கட்டம். பெண் குனிந்து அந்தக் காலைக் கழுவ வேண்டும். கால் முட்டையின் மேல் இறங்கிய நொடியில் எல்லா விளக்கும் போயிற்று. இருட்டில் அவள் தடவிப் பிடித்துக் கழுவியது மாப்பிள்ளையின் காலா, பக்கத்தில் நிற்பதாக அவள் நினைத்த சித்தப்பாவின் காலா என்பது வெகுநாள் தெளிவாகவில்லை.

இரண்டு வருஷத்தில் மாப்பிள்ளை சுமத்ராவுக்குத் தோட்ட வேலைக்குப் போனான். அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டு, தலாக் சொல்லியாகிவிட்டது என்று ஆள் மூலம் செய்தி அனுப்பினான். ஊர் ஆச்சரியப்படவில்லை. "முட்டை மிதிக்கையில இருண்டுச்சே, அப்பவே தெரியும்" என்றது. அவளுடைய அம்மாவின் தங்கை, எல்லோரும் புலிக் பொனிரா என்று கூப்பிடும் சின்னம்மா, இதை இரக்கத்தோடு சொல்வாள். இரக்கத்தோடு சொல்லப்பட்டதுதான் துமினிக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

அவள் அப்போது சோலோ நகரத்தில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். செப்புக் கம்பியை எண்ணி எண்ணிச் சுற்றும் வேலை. சுற்றி முடித்த காயிலுக்குச் சிறிய பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுத்துப் பார்ப்பார்கள். எட்டு வோல்ட் கொடுத்து இரண்டு ஆம்பியர் ஓடினால் வகுத்தால் நாலு. நாலு ஓம் தடை. அதே காயிலின் மற்ற இரண்டு பாகங்களும் நாலு காட்டினால் சரி. ஒன்று மட்டும் மூன்று காட்டினால் உள்ளே எங்கோ இரண்டு சுற்று ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கிறது. பிரித்துப் பார்க்காமலே உள்ளே நடப்பதைச் சொல்லிவிடலாம் என்பது அவளுக்குப் பிடித்திருந்தது. வோல்ட் ஒன்று, ஆம்பியர் ஒன்று. வகுத்தால் தடை, பெருக்கினால் சக்தி. இரண்டு எண்களுக்குள் மூன்றாவதும் நாலாவதும் ஒளிந்திருந்தன. ஆட்களிடம் இந்த வசதி இல்லை.

ஒருநாள் காயில் சுற்றிக்கொண்டிருக்கும்போதே தன் கல்யாணத்துக்கும் கணக்குப் போட்டாள். அன்று எரிந்த விளக்குகள், பாட்டுப் பெட்டி, அம்மா வீட்டு இரண்டு ஆம்பியர் பிரேக்கர். இடம் கொஞ்சம் மிச்சமிருந்தது. விழுந்திருக்க வேண்டியதில்லை. விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது சித்தப்பாவை நேராகக் கேட்டாள்.

"அன்னிக்கு முட்டை மிதிக்கையில நீங்க எங்க இருந்தீங்க?"

"கடைசி அறையில. சட்டை கசங்கியிருந்துச்சு. போட்டோ எடுப்பாங்களேன்னு தேய்க்கப் போனேன்."

"இஸ்திரிப் பெட்டிய எப்ப மாட்டினீங்க?"

"மாட்டின ஒடனே இருட்டாயிடுச்சேம்மா. சட்டையத் தேய்க்கவே முடியல."

இருட்டில் அவள் கழுவியது சித்தப்பாவின் கால் அல்ல என்பதாவது அன்று உறுதியாயிற்று. ஆனால் ஊரை மாற்ற முடியவில்லை. "சரிம்மா, இஸ்திரிப் பெட்டிதான். ஆனா அந்த நேரம் பாத்து ஏன் மாட்டணும்?" என்றாள் புலிக் பொனிரா.

துமினி ஊருக்குத் திரும்பி ஒயரும் விளக்கும் வாங்கி வாடகைக்கு விடத் தொடங்கினாள். அவள் விளக்குப் போட்ட எந்தக் கல்யாணத்திலும் பிரேக்கர் விழுந்ததில்லை. சுற்றுவட்டாரத்தில் அவளுக்குப் பெயர் வந்தது. அவளுடைய முதல் கல்யாணக் கதையும் கூடவே போய்ச் சேர்ந்தது.

வாகிமான் மாட்டிறைச்சி உருண்டைச் சூப் விற்பவர். அவள் விளக்குப் போடும் விசேஷங்களுக்கெல்லாம் அவருடைய வண்டியும் வரும். மனைவியை இழந்தவர், பிள்ளைகள் ஜகார்த்தாவில். ஒரு விசேஷம் முடிந்து அவள் ஒயர் சுருட்டிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து நின்றார்.

"என் வீட்டுல நாலு ஆம்பியர் இருக்கு. உங்க வீட்டுலயும் நாலு. சேர்ந்தா எட்டு ஆகுமா?"

"ஆகாது. தனித்தனி மீட்டர்."

"அப்படியா." யோசித்தார். "சரி, ஒரே வீட்டுல இருந்துகிட்டு நாலுலயே சமாளிச்சுக்கலாம்."

துமினி சுருட்டிய ஒயரை மறுபடியும் அவிழ்த்துச் சுருட்டினாள். அவளுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது.

கல்யாணப் பேச்சு எழுந்ததுமே சமையல்கட்டில் பழைய கதையும் எழுந்தது. உதவிக்கு வந்த பெண்கள் வெங்காயம் உரித்துக்கொண்டே பேசினார்கள்.

"இந்தத் தடவையாவது விளக்கு நிக்கணும்" என்றாள் புலிக் பொனிரா.

"நிக்கும்" என்றாள் துமினி. "முட்டை ஒடையிற வரைக்கும் மட்டும் இல்ல. கடைசி விருந்தாளி செருப்பத் தேடிப் போட்டுக்கிட்டுப் போற வரைக்கும் நிக்கும். நிக்கலைன்னா இந்தத் தொழில விட்டுடறேன். நீங்க இஷ்டத்துக்குப் பேசுங்க."

பெண்கள் வெங்காயத்தை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்கள். அவள் சகுனத்தை நம்புகிறவள் இல்லை. இருபது வருஷத்துக்கு மேலாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பேச்சை அணைக்க வேண்டும், அவ்வளவுதான்.

நிக்காஹ் காலையிலேயே பள்ளிவாசலில் முடிந்தது. மாப்பிள்ளையும் பெண்ணும் சந்திக்கும் சடங்கு நாலு மணிக்கு. அதுவரை பெண் அறையை விட்டு வெளியே வரக் கூடாது, மாப்பிள்ளை கண்ணில் படக் கூடாது. இதில் அலங்காரக்காரி ருக்மி அம்மா, ஊர் வழக்கில் பு ருக்மி, கண்டிப்பானவள். இரண்டாம் கல்யாணம்தானே என்று யாரோ சொன்னதற்கு, "முகம் அதே முகந்தானே" என்று வாயை அடைத்தாள். துமினியை உட்கார வைத்து நெற்றியில் கறுப்பு மையால் வளைவுகள் போடத் தொடங்கினாள். கட்டிலுக்கு அடியில் ஏழு இஸ்திரிப் பெட்டிகள் இருந்தன. பு ருக்மி இரண்டு முறை அவற்றில் காலை இடித்துக்கொண்டாள்.

வெளியே வேலையைக் கியார்த்தோ பார்த்தான். துமினியிடம் பல வருஷமாக ஒயர் இழுப்பவன். கைவேகம் உண்டு, வாயும் உண்டு. மேடைக்கும் பந்தலுக்கும் வேண்டிய விளக்கு முழுவதும் பாக் டார்மின் வீட்டு லைனில். காலையில் கவ்வி மீட்டர் மூன்றரை ஆம்பியர் காட்டியது. நாலு வரை இடம் இருக்கிறது. பாக் டார்மின் வீட்டில் குளிர்பெட்டியைக்கூட அணைத்துவிட்டார்கள்.

மூன்று மணிக்கு மேல் வானம் கறுத்தது. மந்திரம் போட்டு மழையை நிறுத்தி வைக்க வந்தவர் பந்தலுக்குப் பின்னால் மிளகாயும் வெங்காயமும் குத்திய குச்சியை நட்டுவிட்டு இரண்டாவது தட்டுச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மழை வரவில்லை. ஆனால் பந்தலுக்குள் அந்தி போலிருந்தது. விளக்குகள்தான் வெளிச்சம்.

நெற்றியின் இடப்பக்கம் முடிந்து வலப்பக்கம் தொடங்கும்போது பு ருக்மி கையை நிறுத்தினாள். "என்ன விளக்கு இது, மஞ்சத் தண்ணி மாதிரி? கோடு எங்க போவுதுன்னே தெரியல."

துமினி தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் உயர்த்தினாள். கண்ணாடிக்கு மேலிருந்த பல்பு மேடை லைனின் கடைசியில் மாட்டியது. அது மங்கியிருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள். கியார்த்தோவின் தலை ஜன்னலில் வந்தது. பெண்ணைப் பார்க்கக் கூடாது என்று முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"ஆம்பியர் எவ்வளவு காட்டுது?"

"நானே சொல்ல வந்தேன் பு. மூணுதான். காலையில மூன்றரை இருந்துச்சுல்ல, எறங்கிடுச்சு. இனிமே விழவே விழாது. நிம்மதியா மை போட்டுக்குங்க."

அந்த ஊரில் யாராயிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். ஆம்பியர் ஏறினால் பயம். இறங்கினால் யாரும் கேள்வி கேட்பதில்லை.

"ஒரு விளக்காவது அணைஞ்சிருக்கா?"

"எல்லாம் எரியுது."

"டார்மின் வீட்டு மீட்டர்கிட்ட வோல்ட் பாரு. மேடையில பாரு. ரெண்டையும் பாத்துட்டு வா."

அவன் போய் வருவதற்குள் பு ருக்மி ஒரு வளைவு போட்டுவிட்டாள்.

"அங்க இருநூத்தி பதினாறு. மேடையில நூத்தி எண்பத்தாறு."

முப்பது வோல்ட் வழியில் காணாமல் போயிருந்தது. முப்பதை மூன்றால் வகுத்தால் பத்து ஓம். ஒயருக்கு ஒரு ஓம்கூட இருக்கக் கூடாது. முப்பதை மூன்றால் பெருக்கினால் தொண்ணூறு வாட். விளக்குகள் குறைவாகக் கேட்கவில்லை. அவற்றுக்குப் போக வேண்டியதை ஒருவன் வழியில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தான். ஈயம் பற்றவைக்கும் கோல் மூன்றை ஒன்றாகக் கட்டிச் சொருகி வைத்தால் எவ்வளவு சுடுமோ, ஒயரில் எங்கோ ஓர் இடம் அவ்வளவு சுட்டுக்கொண்டிருந்தது.

"ஒயர எங்கயாவது வெட்டினியா?"

கியார்த்தோவை முந்திக்கொண்டு பு ருக்மி சொன்னாள். "நான்தான் எடுக்கச் சொன்னேன். பெண்ணும் மாப்பிள்ளையும் நடக்கிற வழியில பாம்பு மாதிரி குறுக்க கெடந்துச்சு. அதத் தாண்டி யாராவது நடப்பாங்களா?"

"மேல தூக்கிப் போட்டேன் பு. நீளம் பத்தல. வெட்டி ஒரு துண்டு சேத்து முறுக்கினேன். டேப்பு நல்லாத்தான் சுத்தியிருக்கேன்."

"எந்த எடத்துல?"

"பந்தல் வாசலுக்கு மேல. துணி மடிப்புக்குள்ள. வெளிய தெரியாது, அழகா இருக்கு."

துணி. அதன் மேல் காய்ந்துகொண்டிருக்கும் தென்னங்குருத்துத் தோரணம். அதற்குக் கீழே இருநூறு பேர் வந்து நிற்கப் போகிறார்கள்.

"டார்மின் வீட்டுல அணைச்சுட்டு ஜாயின்ட்டப் பிரிச்சு ஒழுங்காப் போடு."

கியார்த்தோ திரும்பியே விட்டான். அரை நெற்றி மையோடு இருந்தவளைப் பார்த்துவிட்டு மறுபடியும் முதுகைக் காட்டினான். "இப்பவா? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க தெருமுனையில வந்தாச்சு பு. ஒரு மணி நேரம் தாங்கும். சடங்கு முடிஞ்சதும் பிரிச்சிடறேன்."

"இப்ப."

"நான் மாட்டேன். வேற எத வேணா சொல்லுங்க. உங்க கல்யாணத்த இருட்டாக்கினவன்னு எனக்குப் பேரு வேணாம்."

புலிக் பொனிரா அறைக்குள் வந்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். "வேணாம் துமினி. தாங்கும்னுதானே சொல்றான். எரியட்டும். கண்ண மூடிட்டு ஒரு மணி நேரம் ஓட்டிடு."

தாங்கினாலும் தாங்கும். அதுதான் தொல்லை. பத்து ஓம் என்பது இந்த நிமிஷத்துக் கணக்கு. சூடு ஏற ஏற அது பத்தாகவே இருக்காது. சமையல்கட்டில் தான் சொன்ன வார்த்தையைத் துமினி நினைத்தாள். கடைசிச் செருப்பு வரைக்கும் நிற்கும் என்று சொல்லியிருந்தாள். விளக்கு எரிகிறதா என்று மட்டும்தான் ஊர் பார்க்கும். எதனால் எரிகிறது, இன்னும் எது எரிகிறது என்று பார்ப்பது அவள் வேலை.

எழுந்தாள். பு ருக்மி கையில் மைத் தூரிகையோடு வழியை மறித்தாள். "பாதி நெத்தியோட எங்க?"

"மீதிய வந்து போடுங்க" என்றாள் துமினி. கட்டிலுக்கு அடியில் கையை விட்டுக் கருவிப் பையை எடுத்தாள்.

பந்தலில் அறிவிப்பாளன் ஒலிபெருக்கியில் உயர்ந்த பாஷையில் மணமகளை நிலவென்று வர்ணித்துக்கொண்டிருந்தான். நிலவு சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு ஏணியோடு வருவதைப் பார்த்து நிறுத்தினான். துமினி அவன் கையிலிருந்து மைக்கை வாங்கினாள். பாட்டு லைன் வேறு வீட்டுடையது. அது ஒழுங்காக இருந்தது.

"எல்லாரும் கேளுங்க. வாசலுக்கு மேல ஒரு எடத்துல ஒயர் சுடுது. நான் இப்ப போய் விளக்க நிறுத்தப் போறேன். பிரேக்கர் விழல. யாரும் பயப்பட வேணாம். வாசல விட்டுத் தள்ளி நில்லுங்க. நூடுல்ஸ் வேகுற நேரந்தான்."

பாக் டார்மினின் மனைவி மீட்டர் பெட்டிக்கு முன்னால் கைகளை விரித்துக்கொண்டு நின்றாள். "என் வீட்டுல இருந்து இது நடக்கக் கூடாது."

"உங்க கை படல பு. என் கைதான் படுது."

அவள் நகர்ந்தாள். துமினி பிரேக்கரைக் கீழே தள்ளினாள். அந்தச் சத்தம் ஊருக்கே தெரிந்த சத்தம். பந்தல் இருண்டது. யாரோ இறைவன் பெயரைச் சொன்னார்கள்.

மாப்பிள்ளை வீட்டார் வாசலுக்கு வந்துவிட்டிருந்தார்கள். வாகிமான் முதுகில் கிரிஸ் கத்தி சொருகி, கழுத்தில் மல்லிகை தொங்க, ஊர்வலத்தின் முன்னால் நின்றார். ஏணியைச் சாய்த்துக்கொண்டிருந்தவளைப் பார்த்தார்.

"நான் எதப் புடிக்கட்டும்?" என்றார்.

"ஏணிய."

பு ருக்மி ஓடிவந்தாள். இருவருக்கும் நடுவில் ஒரு பாத்திக் துணியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள். "பாக்காதீங்க. ரெண்டு பேரும் பாத்துக்காதீங்க."

"நான் ஏணியத்தான் பாக்கறேன்" என்றார் வாகிமான்.

துமினி ஏறினாள். துணி மடிப்பை விரித்தபோது வாசனையே சொல்லிவிட்டது. டேப் உருகித் தேனாக வழிந்திருந்தது. துணியின் உள்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பு, நடுவில் கறுப்பு. விரலால் தொட்டதும் கறுப்பு உதிர்ந்து ஓட்டையாயிற்று. அதை அப்படியே கீழே நிற்பவர்களுக்குத் தெரியும்படி தொங்கவிட்டாள்.

கருகிய முனைகளை வெட்டினாள். செம்பு பளிச்சென்று வரும்வரை சுரண்டினாள். பையிலிருந்து பித்தளை இணைப்பானை எடுத்து இரண்டு முனைகளையும் உள்ளே விட்டுத் திருகுகளை இறுக்கினாள். இழுத்துப் பார்த்தாள். மறுபடியும் இறுக்கினாள். ஒயரைத் துணியிலிருந்து விலக்கி மூங்கிலில் கட்டினாள்.

"நூடுல்ஸ் வெந்திருக்கும்" என்றார் வாகிமான் கீழேயிருந்து.

"குழையாது. நில்லுங்க."

இறங்கி, டார்மின் வீட்டுக்கு நடந்து, பிரேக்கரை மேலே தள்ளினாள். பந்தல் வெள்ளையாயிற்று. காலையில் இருந்த வெளிச்சம். அதுவரை மஞ்சளாக இருந்ததை அப்போதுதான் எல்லோரும் கவனித்தார்கள்.

பு ருக்மி மீதி நெற்றியை முடித்தாள். கோடு எங்கே போகிறது என்று இப்போது நன்றாகத் தெரிந்தது. அதற்குள் துணியின் ஓட்டையைப் பார்க்க ஒவ்வொருவராக வாசலுக்குப் போய் வந்தார்கள். புலிக் பொனிராவும் போனாள். திரும்பி வந்து பெண்ணின் கூந்தலில் மல்லிகையைச் சரி செய்தாள்.

இருவரும் எதிரெதிரே வந்தார்கள். வெற்றிலைச் சுருளை ஒருவர் மேல் ஒருவர் எறிந்தார்கள். துமினியுடையது அவர் மார்பில் சரியாகப் பட்டது. வாகிமான் வலது காலைத் தூக்கினார். மிதித்தார். முட்டை உடைந்தது. துமினி குனிந்து பூத்தண்ணீரால் அந்தக் காலைக் கழுவினாள். யார் கால் என்பதில் இந்த முறை சந்தேகமில்லை. பெருவிரலில் கொதிசூப் கொட்டிய பழைய தழும்பு.

நிமிரும்போது கூட்டத்துக்குப் பின்னால் கியார்த்தோ தெரிந்தான். டார்மின் வீட்டு வாசலில் கவ்வி மீட்டரோடு நின்று மூன்று விரலைக் காட்டி, நாலாவதைப் பாதி மடக்கிக் காட்டினான்.

"என்ன சொல்றான்?" என்று வாகிமான் உதடு அசையாமல் கேட்டார்.

"மூன்றரை. ஏறியிருக்கு."

"ஏறினா நல்லதா?"

"இன்னிக்கு நல்லது" என்றாள். அவருடைய சுண்டுவிரலைத் தன் சுண்டுவிரலால் கொக்கி போட்டுக்கொண்டு மேடைக்கு நடந்தாள்.